துறைக்கு ஒரு சர்வர் வேண்டாம், வேலைய பிரிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில குன்னூர்க்காரர் ஒருத்தர் எழுதினத படிச்சேன். மலையில இருக்கற காலேஜ், ஆராய்ச்சி நிலையம் எல்லாத்துலயும் ஒரே கிளஸ்டர எல்லாரும் பங்கு போட்டுக்கறதாலதான் இவ்ளோ தகராறு, துறைக்கு ஒரு சர்வர் வாங்கி குடுத்துட்டா யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லன்னு எழுதியிருந்தார். அவர் கோவம் எனக்கு நல்லாவே புரியுது. ஆனா அவர் சொல்ற வழி செலவு ஜாஸ்தி, பிரச்சினையும் தீராது. நான் கோத்தகிரி பக்கம் இருந்துக்கிட்டு இந்த மாதிரி கிளஸ்டர்கள பாத்துக்கற வேலைதான் செய்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கிளஸ்டர்ங்கறது பத்து, இருபது கம்ப்யூட்டர நெட்வொர்க்ல கட்டி, ஸ்கெட்யூலர்னு ஒரு சாஃப்ட்வேர் மேல உக்காந்து எந்த வேலை எந்த மெஷின்ல ஓடணும்னு முடிவு பண்றது. ஒவ்வொரு மெஷினுக்கும் நோடுன்னு பேரு. ஆராய்ச்சி பக்கம் பெரும்பாலும் ஸ்லர்ம் ஓடும், வெப்சைட் மாதிரி எப்பவும் எழுந்தே இருக்க வேண்டிய வேலைகளுக்கு குபர்நெட்டிஸ். குபர்நெட்டிஸ் 2014-ல கூகுள் வெளிய விட்டது, அதுக்கு முன்னாடி அவங்க உள்ளுக்குள்ள போர்க்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, அந்த அனுபவத்துல பொறந்ததுதான் இது.

இப்ப மலையில ஒரு இடத்துல நடந்தத சொல்றேன், பேர் வேண்டாம். எல்லாமே குபர்நெட்டிஸ் மேலதான் ஓடிக்கிட்டிருந்தது. மழைமானிகள்ல இருந்து வர்ற அளவ வாங்கி சேமிக்கற ஒரு குட்டி புரோகிராம், பசங்களோட மெஷின் லேர்னிங் ட்ரெயினிங், வருகைப்பதிவு வெப்சைட், ரெண்டு டேட்டாபேஸ், அப்புறம் யாரோ ஆரம்பிச்சு மறந்துபோன பத்து பதினஞ்சு நோட்புக் (பிரவுசர்லயே கோட் எழுதி ஓட்டற பக்கம்). நல்ல மழை ராத்திரி. ஒரு நோட்ல மெமரி முட்டிக்கிச்சு. மழை அளவு வாங்கற புரோகிராம் வெளிய தள்ளப்பட்டுச்சு, விடியற வரைக்கும் திரும்ப எழவே இல்ல. காலையில வந்து பாத்தா அந்த ராத்திரியோட அளவு எதுவுமே இல்ல.

உடனே எல்லாரும் மெமரிய தின்ன ட்ரெயினிங் ஜாப் போட்ட பையன் மேல பாய்ஞ்சாங்க. உண்மையில அந்த பையன் மேல ஒரு தப்பும் கிடையாது. அவன் எனக்கு இவ்ளோ மெமரி வேணும்னு முன்னாடியே எழுதி கேட்டிருந்தான், கேட்ட அளவுக்குள்ளதான் இருந்தான். மழை புரோகிராம போட்டவங்கதான் இது சின்னதுதானே, இதுக்கெல்லாம் எதுக்குன்னு ஒண்ணுமே எழுதல. குபர்நெட்டிஸ்ல ஓடற ஒவ்வொரு புரோகிராம் பொட்டலத்துக்கும் பாட்னு பேரு. ரிக்வெஸ்ட்டும் (எனக்கு இவ்ளோ வேணும்) லிமிட்டும் (இதுக்கு மேல போக மாட்டேன்) எழுதாத பாட் கடைசி தரத்துல சேரும். நோட்ல மெமரி நெருக்கடி வந்தா, கேட்ட அளவுக்குள்ள இருக்கற பெரிய ஜாப் தப்பிச்சுக்கும், எதுவுமே கேக்காதது எவ்ளோ சின்னதா இருந்தாலும் வெளிய போற வரிசைல முன்னாடி நிக்கும். அதோட விடல, நெருக்கடில இருக்கற நோட் அந்த கடைசி தர பாட்ட புதுசா சேர்த்துக்கவும் சேர்த்துக்காது. இந்த புரோகிராம் தன்னோட டேட்டாவ அதே நோட்டோட டிஸ்க்ல வச்சிருந்ததால வேற நோடுக்கும் போக முடியல, மறந்துபோன நோட்புக் ரெண்டு மூணு ஓடிக்கிட்டே மெமரி அளவு எல்லைக்கோட்டுலயே ஏறி இறங்கிக்கிட்டு இருந்ததால வாசல்லயே நின்னுடுச்சு. சாஃப்ட்வேர் அதுக்கு சொன்னபடிதான் செஞ்சது.

நீலகிரில இது விளையாட்டு விஷயம் இல்ல. 2009 நவம்பர்ல மண்சரிவு வந்தப்போ என்ன ஆச்சுன்னு குன்னூர், கேத்தி பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 900 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அப்படி ஒரு ராத்திரியோட அளவு தொலைஞ்சா தொலைஞ்சதுதான், மறுநாள் காலையில மழைய திரும்ப பெய்யச் சொல்லி அளக்க முடியாது.

அடுத்து நடந்தது வழக்கமான மீட்டிங். ஒவ்வொரு துறைத்தலைவரும் எனக்கு தனி சர்வர்னு கேட்டாங்க. குன்னூர்க்காரரும் அதத்தான் கேக்கறார். பட்ஜெட் துறை வாரியா வருது, அதனால மெஷினையும் துறை வாரியா பிரிக்கணும்னு எல்லாருக்கும் தோணுது, இயல்புதான். ஆனா ஒரு துறைக்குள்ளயே காத்திருக்க முடியாத வேலையும் இருக்கு, ஒரு வாரம் கழிச்சு முடிஞ்சாலும் பரவால்லங்கற வேலையும் இருக்கு. புவியியல் துறைக்கு தனி சர்வர் குடுத்தா, அவங்க மாணவன் ஒருத்தன் போடற மாடல் அவங்க மழைமானி புரோகிராமையே நாளைக்கு தள்ளிவிடும். சண்டை ரெண்டு துறைக்கு நடுவுல இருந்து ஒரு துறைக்குள்ள போகும், அவ்ளோதான்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. யாரோட வேலைன்னு பாக்காதீங்க, லேட்டானா என்ன ஆகும்னு பாத்து பிரிங்க.

நம்ம மலையிலயே உதாரணம் இருக்கு. ஊட்டில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட கிரேப்ஸ்-3 சோதனையில கிட்டத்தட்ட 400 உணர்கருவிய பரப்பி வச்சு காஸ்மிக் கதிர் வானத்துல மோதி சிதறி வர்ற துகள் மழைய ராப்பகலா பதிவு பண்றாங்க. அங்க கம்ப்யூட்டர் எப்படி வச்சிருக்காங்கன்னு நான் பேசல, வேலையோட தன்மைய மட்டும் சொல்றேன். வர்ற துகள பதிவு பண்றது அந்த நொடியே நடக்கணும், விட்டா போச்சு. ஆனா அதே மாதிரி துகள் மழைய கம்ப்யூட்டர்ல போலியா உருவாக்கிப் பாக்கற சிமுலேஷன் இருக்கே, கோர்சிகான்னு ஒரு ப்ரோக்ராம்ல உலகம் பூரா பண்றாங்க, அது நாளைக்கும் ஓடலாம், நாளான்னைக்கும் ஓடலாம், ஒவ்வொரு துகள் மழையும் தனித்தனி கணக்குங்கறதால பாதில நிறுத்தினா அந்த ஒண்ணுதான் வீண். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1904-ல இருந்து எடுத்த சூரியன் படங்கள டிஜிட்டல் ஆக்கி வச்சிருக்காங்க, அத ப்ராசஸ் பண்ற வேலை நூறு வருஷத்துக்கு மேல காத்திருந்துச்சு, இன்னும் ஒரு ராத்திரி காத்திருந்தா சூரியன் கோவிச்சுக்காது. ஒரே துறை, ஒரே விஞ்ஞானி, ஆனா பதிவு பண்ற வேலைக்கும் சிமுலேஷன் வேலைக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆக மூணு கூட்டம். லேட்டானா தொலைஞ்சு போறது: அளவு வாங்கறது, எச்சரிக்கை அனுப்பறது. லேட்டானா ஆளுக்கு எரிச்சல் வர்றது: வெப்சைட், நோட்புக், லாகின். லேட்டானா ஒண்ணும் ஆகாதது: சிமுலேஷன், ட்ரெயினிங், பழைய டேட்டா. என் அனுபவத்துல மெஷின் நேரத்துல பெரும்பங்க தின்றது மூணாவது கூட்டம்தான், முதல் கூட்டம் தொட்டுக்கற அளவுக்குத்தான் கேக்கும்.

இத எப்படி பிரிக்கறதுன்னா, இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. துறைக்கு ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது கிளஸ்டருக்குள்ள பேர் போட்டு பிரிச்ச ஒரு பகுதி, போட்டாச்சு, பிரிச்சாச்சுன்னு நிம்மதியா தூங்கறாங்க. நேம்ஸ்பேஸ் போட்டா யாரோடது எதுன்னு தெரியும், யார் எத தொடலாம்னு அனுமதி குடுக்கலாம், அவ்ளோதான். சிபியு, மெமரி எதையும் அது தடுக்காது. ரெண்டு நேம்ஸ்பேஸோட பாடும் ஒரே நோட்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும், யார் யாரோட பேசலாம்னு நெட்வொர்க் பாலிசி எழுதலன்னா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கவும் செய்யும். மொத்தமா இவ்ளோதான்னு கோட்டா போடணும், ரிக்வெஸ்ட் எழுதாம வர்றதுக்கு தானா ஒரு அளவு ஒட்டற லிமிட் ரேஞ்ச் போடணும். அந்த ராத்திரி லிமிட் ரேஞ்ச்ல நாலு வரி இருந்திருந்தா மழை அளவு தொலைஞ்சிருக்காது, நான் பந்தயம் கட்டுவேன்.

சிபியுவும் மெமரியும் ஒரே மாதிரி நடந்துக்காதுங்கறதையும் சொல்லணும். சிபியு பத்தலன்னா வேலை மெதுவாகும், மெமரி பத்தலன்னா வேலை சாகும். இந்த அளவுகள கட்டுப்படுத்தறது அடியில இருக்கற லினக்ஸோட சிக்ரூப்ங்கற வசதி, 2008 ஜனவரில வந்த 2.6.24 கர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) சேர்ந்தது, கூகுள் இன்ஜினியர்கள் ஆரம்பிச்சது. அதனால சிபியுவ கொஞ்சம் தாராளமா பங்கு போட்டுக்கலாம், மெமரில கறாரா இருக்கணும்.

முதல் கூட்டத்துக்குன்னு ரெண்டு நோட ஒதுக்கலாம். நோடுக்கு டெயிண்ட்னு ஒரு தடை முத்திரை போட்டா அனுமதி இல்லாத பாட் அங்க வராது, டாலரேஷன்ங்கற அனுமதிச்சீட்டு இருக்கறதுதான் வரும். இங்கயும் ஒரு சிக்கல் இருக்கு: டாலரேஷன் இருந்தா அங்க வரலாம்னுதான் அர்த்தம், அங்கதான் வரும்னு இல்ல. நோட் லேபிள் பாத்து போற மாதிரி செலக்டரும் சேர்த்து எழுதலன்னா, உங்க முக்கியமான புரோகிராம் ஒதுக்கி வச்ச நோட விட்டுட்டு ஜன நெரிசல்ல போய் உக்காந்துக்கும், ஒதுக்கின நோட் காலியா கிடக்கும். இத நான் ஒண்ணுக்கு மேல இடத்துல பாத்திருக்கேன்.

மூணாவது கூட்டத்துக்கு தனி நோட் தேவையில்ல, தாழ்ந்த ப்ரையாரிட்டி போதும். காலியா இருக்கற எல்லா இடத்தையும் எடுத்துக்கட்டும், மேல இருக்கறவங்க வந்தா எழுந்து இடம் விடட்டும். ஸ்லர்ம்லயும் இதே மாதிரி பார்ட்டிஷன (நோட் கூட்டம்) ஒண்ணு மேல ஒண்ணு படியற மாதிரி வச்சு, ப்ரீஎம்ப்ஷன் (மேல இருக்கறது வந்தா கீழ இருக்கறத கலைக்கறது) போட்டு, கலைச்ச ஜாப்ப திரும்ப க்யூல சேர்க்கற மாதிரி செய்யலாம், யாரு நிறைய ஓட்டிட்டாங்களோ அவங்களுக்கு கொஞ்சம் பின்னாடி இடம் குடுக்கற ஃபேர்ஷேர் கணக்கும் அதுலயே இருக்கு. ஆனா ஒரு நிபந்தனை, செக்பாயிண்ட். ட்ரெயினிங் அப்பப்ப தன் நிலைமைய டிஸ்க்ல எழுதி வச்சுக்கணும். குபர்நெட்டிஸ் ஒரு பாட்ட வெளிய அனுப்பும்போது சாதாரணமா 30 செகண்ட்தான் டைம் குடுக்கும், அந்த நேரத்துல மூட்டை கட்டிக்கலாம்னு நினைச்சா நடக்காது. ரெண்டு நாளா ஓடின ஜாப்ப செக்பாயிண்ட் இல்லாம கலைச்சா அந்த பையனுக்கு செய்யற அநியாயம், அடுத்த தடவை அவனும் என் வேலை அவசரம்னு பொய் சொல்ல ஆரம்பிப்பான். ப்ரையாரிட்டிய யார் வேணாலும் எழுதிக்கலாம்னு விட்டாலும் இதே கதைதான், ஒரு மாசத்துல எல்லாரும் உச்சத்துல இருப்பாங்க. உயர்ந்த ப்ரையாரிட்டிக்கும் நேம்ஸ்பேஸ் வாரியா கோட்டா போட முடியும், போடுங்க. நான் வைக்கற விதி என்னன்னா, அவசரம்னு சொல்றவங்க ஆறு மணி நேரம் லேட்டானா யாருக்கு என்ன நஷ்டம்னு ரெண்டு வரி எழுதி குடுக்கணும். பாதி பேர் அங்கயே திரும்பிப் போயிடறாங்க.

மலைக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. சீசன்ல மேட்டுப்பாளையத்துல இருந்து ஏர்ற டூரிஸ்ட் வண்டிய பர்லியார், குன்னூர் வழியா விடறாங்க, இறங்கறத கோத்தகிரி வழியா. 2024 மே 7-ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000, வாரக்கடைசில 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000-ன்னு உச்சவரம்பும் வந்துச்சு, அந்த கணக்குல பஸ் வராது. ஆம்புலன்ஸுக்குன்னு தனியா ஒரு மலைப்பாதை வெட்டுங்கன்னு யாராவது கேட்டாங்களா? வழி விடறோம். வழி விட முடியாத அளவுக்கு நெரிசல் வராம உள்ள விடறதையே அளவா விடறோம். கிளஸ்டர்லயும் ப்ரையாரிட்டியும் கோட்டாவும் சேர்ந்தாத்தான் வேலைக்காகும், ஒண்ணு மட்டும் பத்தாது.

தனித்தனியா பிரிச்சா எவ்ளோ மெஷின் கூடும்னு ஊகிக்க வேண்டியதில்ல, கூகுள்காரங்க 2015-ல போர்க் பத்தி எழுதின கட்டுரைல கணக்கு போட்டிருக்காங்க. எப்பவும் எழுந்திருக்க வேண்டிய வேலைகளையும் காத்திருக்கக்கூடிய வேலைகளையும் ஒண்ணா ஓட்டாம தனித்தனி மெஷின்ல வச்சா, அவங்க நடுத்தர கிளஸ்டர்ல 20-ல இருந்து 30 சதவீதம் மெஷின் கூடுதலா தேவைப்படும்னு. ரெண்டா பிரிச்சதுக்கே அது. துறைக்கு ஒண்ணுன்னு ஏழெட்டா பிரிச்சா? ஒரு துறை மெஷின் பரீட்சை லீவுல சும்மா கிடக்கும், பக்கத்து ரூம்ல க்யூல நாப்பது ஜாப் நிக்கும். அப்புறம் ஏழு மெஷினுக்கும் அப்டேட் போட, பேக்கப் பாக்க யார் இருக்கா? மலையில சம்பளம் குடுத்து ஒரு ஆள வச்சுக்கறதே பெரும்பாடு, வர்ற பசங்க ரெண்டு வருஷத்துல கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ கிளம்பிடறாங்க.

கரண்ட்டையும் சேர்த்து பாருங்க. மழைக்காலத்துல மரம் விழுந்தா கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. எல்லா நோடுக்கும் மணிக்கணக்கா யுபிஎஸ் குடுக்க யாராலயும் முடியாது. லேட்டானா என்ன ஆகும்னு பிரிச்சு லேபிள் ஒட்டியிருந்தா, கரண்ட் போனதும் மூணாவது கூட்டம் ஓடற நோட முதல்ல அணைச்சுடலாம், இருக்கற பேட்டரி பூரா மழை அளவு வாங்கற அந்த ரெண்டு நோடுக்கு. துறை வாரியா பிரிச்சிருந்தா எந்த துறைத்தலைவர் மெஷின முதல்ல அணைக்கறதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணி கேக்கணும்.

நான் சொல்ற முறையில எல்லாம் சரியாயிடும்னு சொல்லல. சிபியுவையும் மெமரியையும் பிரிச்சாலும் எல்லாரும் ஒரே ஸ்டோரேஜ்லதான் கை வைக்கறாங்க. ஒரு மாணவன் அஞ்சு லட்சம் குட்டி படத்த என்எஃப்எஸ் ஃபோல்டர்ல (நெட்வொர்க் வழியா எல்லாரும் பங்கு போட்டுக்கற ஃபோல்டர்) வச்சுக்கிட்டு ஒவ்வொரு சுத்துக்கும் ஒவ்வொண்ணா திறந்து மூடினா, வேற நோட்ல இருக்கறவங்க ஒரு ஃபோல்டர பட்டியல் போட்டு பாக்கவே ஒரு நிமிஷம் காத்திருக்கணும், அவங்க ஸ்கிரீன்ல சிபியு சும்மாதான் இருக்கும், யாருக்கும் காரணம் புரியாது. இதுக்கு கோட்டா உதவாது, பழக்கம்தான் உதவும்: படங்கள மொத்தமா ஒரு டார் ஃபைலா கட்டி, ஜாப் ஆரம்பிக்கும்போது அந்த நோட்டோட சொந்த எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணி அங்க இருந்து படிக்கணும். இண்டர்நெட் லைனும் அப்படித்தான், பகல்ல ஒருத்தர் பெரிய டேட்டாசெட் இறக்கினா எச்சரிக்கை மெசேஜ் போற வழி அடைச்சுக்கும், ரௌட்டர்லயே வேகத்துக்கு உச்சவரம்பு போடணும்.

தனி மெஷின் வேணும்னு நானே சொல்ற இடம் ஒண்ணு இருக்கு. மார்க், நோயாளி விவரம் மாதிரி ரகசியமான டேட்டா. பாடுக்குள்ள புரோகிராம் ஓடற டப்பாவுக்கு கன்டெய்னர்னு பேரு, ஒரு நோட்ல இருக்கற கன்டெய்னர் எல்லாம் ஒரே கர்னல பங்கு போட்டுக்குது, அதுல ஒரு ஓட்டை வந்தா ஒரு கன்டெய்னர்ல இருந்து அடுத்ததுக்கு தாண்டிப் போக வாய்ப்பு உண்டு. மாணவர்கள் இஷ்டத்துக்கு கோட் ஓட்டற அதே நோட்ல பரீட்சை மார்க்க வைக்காதீங்க. நோட்டே தனியா இருக்கட்டும், முடிஞ்சா கிளஸ்டரே தனியா இருக்கட்டும், அதுக்கு ஆகற காச நான் வீண்னு சொல்ல மாட்டேன்.

குன்னூர்க்காரர் எழுதினதுல ட்ரெயினிங்குக்கு வேண்டிய ஜிபியு கார்டு பத்தாம பசங்க வாரக்கணக்கா காத்திருக்காங்கன்னு ஒரு வரி இருந்துச்சு, அது மட்டும் நியாயமான புகார், எங்கயும் கேக்கறேன். ஆனா கார்டு வாங்க டெண்டர் விடறதுக்கு முன்னாடி ஒரு மாச கணக்கு எடுங்க. ஸ்லர்ம்ல எஸ்அக்கவுண்ட் (sacct) கமாண்ட் போட்டா யார் எவ்ளோ நேரம் கார்ட பிடிச்சு வச்சிருந்தாங்கன்னு வந்துடும், அந்த நேரத்துல கார்டு உண்மையிலயே எவ்ளோ வேலை செஞ்சதுங்கறத என்விடியாவோட கருவில தனியா பாக்கணும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. காலையில நோட்புக் திறந்து ஜிபியுவ பிடிச்சுக்கிட்டு டீ குடிக்க போய், லஞ்ச் முடிச்சு, சாயங்காலம் மூடாமலே வீட்டுக்கு போறவங்க எத்தன பேர்னு அதுல தெரியும். ஒரு மணி நேரம் சும்மா இருக்கற நோட்புக்க தானா மூடற செட்டிங் ஜூபிட்டர்ல இருக்கு, இலவசம். அத போட்டுட்டு அடுத்த மாச கணக்கையும் எடுத்து, அப்பவும் க்யூ குறையலன்னா கார்டு வாங்குங்க, நானே வந்து மாட்டிக் குடுக்கறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர்